சிலந்தி வலையும் சிற்பக் கலையும்

சென்ற ஐப்பசியில் மழை ஓய்ந்த ஒரு காலைப் பொழுது. எங்கள் வீட்டுக் கருவேல வேலியில் வட்டமாக ஒரு வலை கட்டியிருந்தது. அதன் நடுவில் தலைகீழாக ஒரு சிலந்தி அமர்ந்திருந்தது. எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல நீட்டியிருந்தது. கால் நுனிகளை ஒட்டி வெள்ளை நூலால் நெளிநெளியாகத் தைத்த பட்டைகள். விலங்கியல் மாணவன் அல்லவா! நோட்டை எடுத்துப் படம் வரைய உட்கார்ந்துவிட்டேன். விளக்குமாற்றோடு வந்த அப்பத்தா, எட்டுக்கால் பூச்சியை எவனாவது படம் வரைவானா என்று கேட்டார். இது வெறும் எட்டுக்கால் பூச்சி அன்று, இதற்கு ஆர்ஜியோப் அனசூயா என்று பெயர் என்றேன். கூப்பிட்டால் வருமா என்றார். வராது என்றேன். பிறகு அதற்குப் பெயர் எதற்கு என்று கேட்டுவிட்டு வாசலைப் பெருக்கப் போய்விட்டார்.

கேள்வி எளியதுதான். ஆனால் எனக்கு விடை வரவில்லை. அப்பத்தாவுக்குப் பெயர்கள் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். சூடை, காரல், நகரை, ஓரா, முரல், சீலா, பாறை, விளைமீன் என்று கூடையில் விழும் மீன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பிரிப்பவர் அவர். நண்டிலும் நீலக்கால் நண்டு வேறு, முக்கண் நண்டு வேறு, சிலுவை நண்டு வேறு. கறிக்கும் விலைக்கும் உதவுகிற உயிர்களுக்கு எங்கள் கரையில் பெயர் உண்டு. வேலியில் தொங்குகிற சிலந்திகள் எத்தனை வகையானாலும் எல்லாம் எட்டுக்கால் பூச்சிதான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், இக்கேள்வியைக் கேட்க வேறு யாரும் கிடையாது. எங்கள் துறைப் பேராசிரியரிடம் வந்து சொன்னேன். அவர் விடை சொல்லாமல் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிப் படித்து வா என்றார். பிரெடெரிக் ஹென்றி கிரேவ்லி என்பது அப்பெயர். விலங்கியல் பயிலும் நண்பர்கள் சிலந்திக்காகவும் குருசடித் தீவுக்காகவும் இப்பெயரை அறிந்திருப்பர். வரலாறு பயிலும் நண்பர்கள் முற்றிலும் வேறொரு காரணத்துக்காக அறிந்திருப்பர். இருவரும் அறிந்தவர் ஒரே ஆள்தான் என்பதைப் பலர் அறியார். அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கிரேவ்லிக்கு முன்னரே சிலந்திகளுக்குப் பெயரிடும் வேலை நெடுந்தூரம் வந்திருந்தது. விலங்குகளுக்குப் பேரினப் பெயர் ஒன்றும் சிற்றினப் பெயர் ஒன்றுமாக இரு சொற்களில் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்று நாம் முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். 1758ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலின் பத்தாம் பதிப்பிலிருந்துதான் விலங்குப் பெயர்கள் செல்லும் என்பது உலக விதி. அவ்விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது சிலந்திகளுக்கு அளிக்கப்பட்டது! லின்னேயசின் நாட்டவரான கார்ல் கிளார்க் என்பவர் 1757இலேயே சுவீடன் நாட்டுச் சிலந்திகளைப் படத்துடன் விளக்கி இரு சொற்களில் பெயரிட்டு நூல் வெளியிட்டுவிட்டார். ஐரோப்பியத் தோட்டங்களில் முதுகில் சிலுவைப் புள்ளிகளோடு வலை பின்னும் சிலந்திக்கு அவர் வைத்த பெயரே இன்றும் நிற்கிறது. இத்தனைக்கும் அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். வரி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பகலில் வரிக்கணக்கு, மற்ற நேரத்தில் சிலந்தி. லின்னேயசே வழிவிட்டு நிற்க வேண்டிய இடம் ஒரு வரி அலுவலருக்குக் கிடைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

லின்னேயசின் மாணவர் பாப்ரீசியஸ் டென்மார்க் நாட்டவர். டேனியர் வசம் அக்காலத்தில் நமது தரங்கம்பாடி இருந்தது. அங்கிருந்து கப்பலேறிய பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் அவர். நம் தோப்புகளில் உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பிப் பொன்னிற வலை கட்டும் பெருஞ்சிலந்திக்கு 1793இலும், வயிற்றில் முள் முளைத்த சிறு சிலந்திக்கு 1798இலும் பெயரிட்டவரும் அவரே. எங்கள் வேலிச் சிலந்தியின் பேரினப் பெயரான ஆர்ஜியோப் 1826இல் வந்தது. நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற சாவிக்னி என்ற அறிஞர் சிலந்திகளின் படங்களைத் தயாரித்து முடித்த நிலையில் கண் பார்வை குன்றிவிட்டது. படங்கள் இருந்தன, விளக்கம் எழுத ஆள் இல்லை. ஓதுவென் என்பவர் அப்பணியை முடித்தார். ஆர்ஜியோப் என்பது கிரேக்கப் புராணக் கன்னி ஒருத்தியின் பெயர். அனசூயா என்ற பின்பாதியை 1887இல் வைத்தவர் தோரெல் என்ற சுவீடன் அறிஞர். பர்மாவிலிருந்து சென்ற சிலந்திகளை ஆராய்கையில் வைத்தார். ஆங்கில எழுத்தில் அது ஜகரம் போட்டே எழுதப்படுகிறது. அவர்கள் நாட்டில் அவ்வெழுத்துக்கு யகர ஒலி. ஆகவே நம் காதில் அது அத்திரி முனிவரின் மனைவி பெயராகவே விழுகிறது.

இவர்களுள் பெரும்பாலோர் இச்சிலந்திகளை உயிரோடு கண்டவர் அல்லர். சாராயப் புட்டியில் ஊறிக் கடல் கடந்து வந்த உடல்களையே கண்டனர். சாராயத்தில் பச்சை நிறம் வெளுக்கும், மஞ்சள் மங்கும். வலையோ புட்டிக்குள் வராது. வேலியில் அது எப்படி வாழ்ந்தது என்பதும் வராது. இந்தக் குறையை உணர்ந்து வேலை செய்தவர்களுள் ஒருவராகவே நான் கிரேவ்லியைக் காண்கிறேன்.

கிரேவ்லி 1885ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாள் இங்கிலாந்தில் வெல்லிங்பரோ என்னும் ஊரில் பிறந்தார். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் நடத்திய பள்ளிகளில் பயின்றார். குவேக்கர்கள் ஆடம்பரத்தை வெறுப்பவர்கள், போரை மறுப்பவர்கள், இயற்கையைப் பார்ப்பதை நற்பழக்கமாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள். யார்க் நகரில் அவர் படித்த பூத்தம் பள்ளியில் 1834இலேயே மாணவர்களுக்கென இயற்கை வரலாற்றுச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று, அங்கேயே செய்முறை வகுப்பு நடத்தும் பணியிலும் இருந்தார்.

1909இல், இருபத்து நான்கு வயது நிறையும் முன்பே, கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உதவிக் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார். அங்கே தலைவராக இருந்தவர் நெல்சன் அன்னண்டேல். 1916இல் அவ்வருங்காட்சியகத்தின் விலங்கியல் பகுதியை இந்திய விலங்கியல் ஆய்வகமாக உயர்த்திய பெருமகன் அவர். அன்னண்டேலிடம் ஒரு நற்குணம் இருந்தது. மேசையில் உட்கார்ந்து புட்டிகளை எண்ணுவதோடு நிற்பவர் அல்லர். குகைக்குள் நுழைவார், ஏரியில் இறங்குவார், தீவில் தங்குவார். பர்மா, மலேயா நாட்டுச் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் உயிர்களைப் பற்றி வந்த ஆய்வில் அன்னண்டேலோடு கிரேவ்லியின் பெயரும் சேர்ந்து நிற்கிறது. ஒரிசாவின் சிலிகா ஏரியிலுள்ள பர்குடா என்னும் சிறு தீவின் சிலந்திகளையும் தேள்களையும் பற்றிக் கிரேவ்லி தனியே எழுதினார். சிறிய தீவு ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் உள்ளதை எல்லாம் கணக்கெடுப்பது என்ற முறை அவர் மனத்தில் பதிந்தது அங்கேதான் என்பது என் எண்ணம். பின்னாளில் அதே முறை நம் கடற்கரைக்கு வந்தது.

கல்கத்தாவில் அவர் கைக்கொண்ட உயிர்கள் எல்லாமே யாரும் விரும்பாதவை. சீண்டினால் காடி நெடி வீசும் சாட்டைத் தேள்கள், மக்கிய மரத்துக்குள் பெற்றோரும் புழுக்களும் ஒன்றாகக் குடும்பம் நடத்தும் கருவண்டுகள், வளை தோண்டி வாழும் மயிரடர்ந்த சிலந்திகள். அக்கருவண்டுக் குடும்பத்தை உலகளவில் சீர்செய்து அவர் எழுதிய நூல் 1918இல் வந்தது. இவற்றோடு 1915இல், இந்தியப் பூச்சிகள், மரவட்டைகள், சிலந்திகள் ஆகியவற்றின் பழக்கவழக்கங்களைக் குறித்து நீண்ட குறிப்பு ஒன்றையும் வெளியிட்டார். பெயரிடுவதையே தொழிலாகக் கொண்டவர் அவை எப்படி வாழ்கின்றன என்பதையும் எழுதினார் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

சிலந்திக்குப் பெயரிடுவது எவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்பதை, அதைச் செய்து பார்க்க முயன்ற அனுபவத்தில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நிறத்தை நம்ப முடியாது. ஒரே இனத்தில் ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று பழுப்பாகவும் இருக்கும். குஞ்சு ஒரு மாதிரி, வளர்ந்தது ஒரு மாதிரி. ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை என்று கூடச் சொல்ல முடியாது. எங்கள் வேலிச் சிலந்தியின் ஆண், வலை ஓரத்தில் பழுப்புத் துணுக்குப் போல ஒட்டியிருந்தது. நான் அதை அதற்கு இரை என்றே நினைத்தேன்! எனவே ஆய்வாளர்கள் நம்புவது இரண்டே இடங்களைத்தான். பெண்ணின் அடிவயிற்றில் இனப்பெருக்கத் துளையை மூடிய தகடு. ஆணின் முகத்தருகே குட்டைக்கால் போல நீண்டிருக்கும் உறுப்பின் நுனிக் குமிழ். பூட்டுக்குச் சாவி பொருந்துவது போல ஓர் இனத்தின் ஆண் உறுப்பு அவ்வினப் பெண்ணுக்கே பொருந்தும் என்பதால் இவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடும். அவை கடுகு அளவும் இரா. நுண்ணோக்கியில் வைத்து, திருப்பி, வெளிச்சம் மாற்றி, வரைந்து, முன்னோர் வரைந்த படத்தோடு ஒப்பிட்டு, அதன் பிறகே பெயர். வளராத குஞ்சு கிடைத்தால் பெரும்பாலும் கை கழுவ வேண்டியதுதான்.

கிரேவ்லி இவ்வாறு பொறுமையாகச் செய்த ஆய்வுகளுள் ஒன்று 1921இல் வந்தது. நீண்ட தாடைச் சிலந்திகள் என்று சொல்லத்தக்க டெட்ராக்னாத்தா வகையை அதில் எடுத்துக்கொண்டார். இவையும் வட்ட வலை பின்னுபவைதாம். நம் மாவட்டத்துக் கண்மாய்க் கரையில், கோரைக்கு நடுவே, மாலையில் நீர்ப்பரப்புக்கு மேலே படுக்கைவாட்டில் வலை கட்டிக் காத்திருக்கும் மெலிந்த சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். ஆள் நிழல் பட்டால் கால்களை முன்னும் பின்னும் நீட்டித் தண்டோடு தண்டாக ஒட்டிக்கொள்ளும். நெல் வயலில் தத்துப் பூச்சிகளைப் பிடித்துத் தின்று உழவனுக்கு உதவுவதும் இக்கூட்டமே. இதன் தாடை உடலுக்குப் பொருந்தாத நீளம். கூடும்போது ஆண் தன் தாடை முள்ளால் பெண்ணின் நச்சுப் பல்லைப் பூட்டிக்கொள்கிறது. இல்லையேல் மாப்பிள்ளையே விருந்தாகிவிடுவார். இவ்வகையில் பச்சையும் செம்மையும் என்று பொருள்படும் பெயர் பெற்ற ஒன்றையும், கொச்சியின் பெயரைத் தாங்கிய ஒன்றையும், வேறு சிலவற்றையும் அறிவியல் உலகுக்குப் புதியவையாகக் கண்டு பெயரிட்டார். பெயரிட்டவரின் பெயரும் ஆண்டும் இனப்பெயரின் பின்னால் எழுதப்படுவது வழக்கம். எனவே இவற்றை யார் எந்த மொழியில் எழுதினாலும் கிரேவ்லி, 1921 என்ற வால் ஒட்டிக்கொண்டே வரும்.

அந்த ஆய்வு வெளிவந்தபோது அவர் கல்கத்தாவில் இல்லை. 1920இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக எழும்பூருக்கு வந்துவிட்டார். 1851இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தைச் சென்னை மக்கள் செத்த காலேஜ் என்று அழைத்தனர். உயிருள்ள விலங்குகளைக் காட்டிய இடம் உயிர்க் காலேஜ் ஆயிற்று. பெயரிடும் கலையில் நம்மவரும் சளைத்தவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவருக்கு முன் அந்நாற்காலியில் இருந்த எட்கர் தர்ஸ்டனும் நம் கரைக்கு வந்து, முத்துக் குளிப்பையும் இராமேசுவரத்துக் கடல் உயிர்களையும் எழுதியவரே. ஆனால் தர்ஸ்டன் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிவாரியாக ஏழு தொகுதிகள் எழுதிய புகழே பெரிதாக நிற்கிறது. அளந்து பிரிக்கத் தெரிந்தவர் எதை அளக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

எழும்பூரில் அமர்ந்த கிரேவ்லி நம் இராமநாதபுரக் கரையைத் தேடி வந்தார். பாம்பனுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில், அறுபது ஹெக்டேரைச் சற்றே தாண்டிய பரப்பில் கிடக்கிறது குருசடித் தீவு. சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடத்தை நம் கரையோரத்துக் கிறித்தவ மக்கள் குருசடி என்பர். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில் ஓடிய காலம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கும் முன், 1914இல் திறந்த பாலத்தின் மேல் கப்பல் பயணிகள் போய்க்கொண்டிருந்த காலம். விவேகானந்தர் 1897இல் வந்திறங்கிய குந்துகால் கரையில் நின்றால் இன்றும் அத்தீவு கண்ணுக்குத் தெரியும். ஒரு பக்கம் பவளப் பாறை, மறுபக்கம் மணல், இடையில் கடற்புல், சேறு, அலையாத்திச் செடி. அரை நாளில் சுற்றிவிடக் கூடிய இடத்தில் இத்தனை வகை வாழிடங்கள் வேறெங்கே கிடைக்கும்?

குருசடித் தீவின் கரையோர உயிர்கள் பற்றிய தொகுதி அருங்காட்சியகத்தின் புதிய வரிசை வெளியீடாக 1927இல் வந்தது. பலர் சேர்ந்து எழுதியது அது. பிரிவுக்கு ஒருவர் என்று பங்கிட்டுக்கொண்டனர். துறவி நண்டுகள் நீங்கலாக நண்டு, இறால் கூட்டத்தைக் கிரேவ்லி தாமே எழுதினார். சிலந்திக்காரருக்கு நண்டு எப்படி வந்தது என்று கேட்கலாம். கணுக்காலித் தொகுதியில் இரண்டும் உறவினர்தாமே. கால் கணுக்களை எண்ணிப் பழகிய கண்ணுக்கு நண்டு அன்னியம் அன்று. பின்னர் 1931இல் துணைத் தொகுதியும் வந்தது. மெல்லுடலிகள் பகுதி, அவர் போன பிறகு, சத்தியமூர்த்தி என்ற தமிழரின் கையால் 1952இல் பெரு நூலாக வந்தது. பலனோகிளாசஸ் என்னும் புழு வடிவ உயிரைத் தேடி நம் நாட்டு விலங்கியல் மாணவர்கள் குருசடிக்குப் போவது நெடுநாள் வழக்கமாயிற்று. 1986இல் குருசடி உள்ளிட்ட 21 தீவுகள் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டன. இன்று வனத்துறையின் அனுமதியோடுதான் கால் வைக்க முடியும். பவளம் வெளுத்துவிட்டது, முன்பிருந்தது இப்போது இல்லை என்று ஒருவர் சொன்னால், முன்பு என்ன இருந்தது என்று அடுத்த கேள்வி எழும். அதற்கு விடை தேடுகிறவர் 1927ஆம் ஆண்டுத் தொகுதியைப் புரட்டாமல் இருக்க முடியாது. பெயர் எழுதி வைத்திருந்தால்தானே காணாமற் போனது எது என்று சொல்ல முடியும்? அப்பத்தாவின் கேள்விக்கு இதைப் பாதி விடையாக வைத்துக்கொண்டேன்.

மறு பாதி, சற்றும் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பூச்சிகள் மட்டுமா இருந்தன? மண்ணிலிருந்து தோண்டி எடுத்த செப்புத் திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள், கல்வெட்டுகள், எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. ஒரு சிலந்தி ஆராய்ச்சியாளருக்கு நடராசர் திருமேனியைப் பற்றி என்ன தெரியும் என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. ஆனால் 1932இல் தென்னிந்திய உலோகத் திருமேனிகளின் விளக்கப் பட்டியலை வெளியிட்டவர்கள் கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் ஆவர். ஆண்டு பொறிக்கப்படாத சிலைகளே மிகுதி. அவற்றை முன்னது பின்னது என்று எப்படிப் பிரிப்பது? அணிகலன், ஆடை, சங்கு சக்கரத்தின் தோற்றம் போன்ற சின்னஞ்சிறு அடையாளங்களைச் சிலைக்குச் சிலை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது. நுண்ணோக்கியில் சிலந்தியின் தகட்டைப் பார்த்த அதே கண்தான்! 1934இல் இருவரும் சேர்ந்து, நாகரம், திராவிடம், வேசரம் என்று சிற்ப நூல்கள் கூறும் மூவகைக் கோயில்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினர். 1936இல் இந்தியக் கோயிற் கட்டடக் கலையின் உருவரையைக் கிரேவ்லி எழுதினார். செப்புத் திருமேனிகளைக் களிம்பு அரித்துக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க 1930இல் அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது, பரமசிவன் என்பார் அதை நடத்தினார். பக்திக்குரிய சிலையையும் புட்டியிலுள்ள பூச்சியையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது முறையா என்று தமிழ்த்துறை நண்பர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். கண்ணால் கண்டதை அளந்து எழுதியவரைக் குறை சொல்ல என்னால் இயலவில்லை.

இங்கே ஒன்று நினைவுக்கு வருகிறது. சிலந்தியையும் கோயிலையும் இணைக்கும் கதை நம்மிடம் முன்பே உண்டு. திருவானைக்காவில் வெண்நாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் ஒரு சிலந்தி மேற்கட்டி போல வலை பின்னிற்று. யானை அதைக் குப்பை என்று கலைத்தது. சிலந்தி யானையின் துதிக்கையுள் புகுந்து கடிக்க இரண்டும் மாண்டன. அச்சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக் கோயில்களைக் கட்டியது என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. பிறந்த பிள்ளையின் கண் சிவந்திருந்ததைக் கண்டு தாய் வாயிலிருந்து வந்த சொல்லே அவன் பெயராயிற்று. கண்டதை வைத்துப் பெயர்! மேற்கட்டி போலப் படுக்கைவாட்டில், பசையில்லாத நூலால், நெருங்கிய கண்களோடு கூடாரம் கட்டும் சிலந்தி ஒன்று நம் ஊர்க் கள்ளிச் செடிகளில் உண்டு. அதற்கு 1869இல் ஸ்டோலிக்கா என்பார் பெயரிட்டார். கதையிலுள்ள சிலந்தி அதுவாக இருக்கலாம் என்பது என் சொந்த ஊகம். தமிழ்த்துறையினர் மன்னிப்பார்களாக.

கிரேவ்லியைப் பற்றிப் படிக்கையில் என்னை மிகவும் தொட்டது அவருடைய வெளியீடுகளின் தலைப்புப் பக்கங்கள். கள்ளி போன்ற சதைப்பற்றுள்ள கரலுமா வகைச் செடிகளைப் பற்றி 1931இல் வந்ததில் கிரேவ்லி, மயூரநாதன் என்று இரு பெயர். திருமேனிப் பட்டியலில் கிரேவ்லி, இராமச்சந்திரன். தொல்பொருட் கூடங்களின் கையேட்டில் கிரேவ்லி, சிவராமமூர்த்தி. சென்னை நகரத்துப் பூச்செடிகள் பற்றிய 1929ஆம் ஆண்டு நூலில் மயூரநாதன் பெயர் மட்டுமே. இவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். மேலதிகாரியாகிய வெள்ளைக்காரர் தம் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு, உள்ளே ஒரு வரியில் நன்றி சொல்லியிருந்தாலும் அக்காலத்தில் கேட்க ஆள் இல்லை. இராமச்சந்திரன் பின்னர் இந்தியத் தொல்லியல் துறையின் உயர் பதவிக்குச் சென்றார். சிவராமமூர்த்தி தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் தலைவரானார். மானிடவியல் பகுதியில் இருந்த ஐயப்பன், 1940இல் கிரேவ்லி ஓய்வு பெற்றதும் அதே கண்காணிப்பாளர் நாற்காலியில் அமர்ந்தார். சிலந்திக்குப் பெயர் வைத்தவர், மனிதர்களின் பெயரையும் விட்டுவிடவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். படகு வலித்தவர்கள், பாறை இடுக்கில் கைவிட்டு நண்டைப் பிடித்துத் தந்தவர்கள், எந்த நீர்வற்றில் எது கிடைக்கும் என்று அறிந்தவர்கள் எங்கள் கரையில் என்றும் உண்டு. அறிவியல் ஆய்வுக்கு அவர்கள் உதவி இல்லாமல் நடக்காது. ஆனால் எந்தச் சங்கின் இலத்தீன் பெயரிலும், எந்த நண்டின் பெயரிலும் பாம்பன், மண்டபத்து மீனவர் எவர் பெயரையும் நான் இதுவரை கண்டதில்லை. இது ஒருவர் மேல் சுமத்தும் குற்றம் அன்று. பெயரிடும் உரிமை யார் கையில் இருந்ததோ அவர்கள் அறிந்தவர்களின் பெயர்களே நின்றன.

ஓய்வுக்குப் பின்னும் கிரேவ்லியின் எழுத்து நிற்கவில்லை. சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்கள், சங்குகள் பற்றிய இரு பகுதிகள் 1941இலும் 1942இலும் அருங்காட்சியக வெளியீடாக வந்தன. அறிஞர்களுக்காக மட்டுமன்றி, மணலில் நடந்து கிளிஞ்சல் பொறுக்கும் எவரும் வைத்துப் பார்க்கலாம். அவர் இங்கிலாந்து திரும்பி 1965இல் காலமானார்.

சிலந்திகளின் உலகப் பட்டியல் 2022இல் ஐம்பதாயிரம் இனங்களைத் தாண்டியது. 2018இல் இந்திய ஆய்வாளர்கள் வளை தோண்டி வாழும் சிலந்திகளில் ஒரு புதிய பேரினத்தைக் கண்டபோது அதற்குக் கிரேவ்லியா என்று பெயரிட்டனர். வட்ட வலைச் சிலந்தி அன்று அது. கல்கத்தாவில் இளைஞராக இருந்தபோது அவர் புட்டி புட்டியாகப் பார்த்த அந்த வளைச் சிலந்திக் கூட்டத்தைச் சேர்ந்தது.

இவ்வளவையும் அப்பத்தாவிடம் சுருக்கிச் சொன்னேன். குருசடித் தீவு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அனசூயா என்ற பெயரை ஒரு முறை தாமே சொல்லிப் பார்த்தார். மறுநாளிலிருந்து வேலியில் அந்த மூலையை மட்டும் விளக்குமாறு தொடவில்லை.

மார்கழியில் எங்கள் ஊர்க் கண்மாய்க் கோரையில் நீண்ட தாடைச் சிலந்தி ஒன்று எனக்குக் கிடைத்தது. கிரேவ்லி பெயரிட்டவற்றுள் ஒன்றாக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் மூன்று நாள் பார்த்தேன். பெண்தான், ஆனால் முழுதும் வளராதது. செய்முறை ஏட்டில் டெட்ராக்னாத்தா என்று எழுதி அடிக்கோடிட்டேன். இரண்டாம் சொல்லுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டேன். பேராசிரியர் பார்த்துவிட்டு, அப்படியே கையெழுத்திட்டுத் தந்தார்.